இருபத்தேழு இதழ்கள்

இலக்கிய சரித்திரம் எழுதப் புகுகிறவர்கள் எழுதினவனைப் பற்றி எழுதுவார்கள். ஆதரித்த அரசனைப் பற்றி எழுதுவார்கள். அச்சுப் போட்டவருக்குக்கூட ஒரு மூலையில் இடம் கிடைத்துவிடும். படித்தவன் பெயர் மட்டும் எங்கேயும் வராது. "சாப்பிட வா" என்று அடுப்பங்கரையிலிருந்து வரும் குரலையும் காதில் வாங்காமல், விளக்கின் அடியில் குனிந்து கடைசிப் பக்கம் வரையில் போய் மீண்ட அந்த ஜீவனுக்குச் சரித்திரம் கிடையாது. நாவல் எழுதிப் பிழைக்கிறவன் நான். எனக்கு இது நன்றி கெட்ட காரியமாகவே தோன்றுகிறது.

இந்த விதிக்கு ஒரு விலக்கு உண்டு. சந்திரனுக்குப் போய் வருவது, செவ்வாய்க் கிரகத்தில் யுத்தம் செய்வது, காலத்தில் முன்னும் பின்னும் பிரயாணம் செய்வது என்று அற்புதக் கதைகளும் விஞ்ஞானக் கதைகளும் இருக்கின்றன அல்லவா? அமெரிக்காவில் அந்தக் கதைகளின் சரித்திரத்தை யார் எழுத உட்கார்ந்தாலும், வாசகர்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியே தீர வேண்டியிருக்கிறது. அது எப்படி நேர்ந்தது என்பதைச் சொல்கிறேன்.

ஹ்யூகோ கெர்ன்ஸ்பாக் என்பவர் லக்ஸம்பர்க் என்னும் சின்னஞ்சிறு நாட்டிலிருந்து 1904-ல் அமெரிக்காவுக்கு வந்து சேர்ந்தார். ரேடியோச் சாமான்கள் விற்றார். ரேடியோவைப் பற்றிப் பத்திரிகை நடத்தினார். 1926-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் 'அமேஸிங் ஸ்டோரீஸ்' என்ற மாதப் பத்திரிகையைத் தொடங்கினார். முழுக்க முழுக்க விஞ்ஞானக் கதைகளுக்கென்றே ஆங்கிலத்தில் பிறந்த முதல் பத்திரிகை அதுதான். விலை 25 ஸெண்ட். முதல் இதழில் புதுக் கதை ஒன்றுகூட இல்லை. ஜூல்ஸ் வெர்ன், எச். ஜி. வெல்ஸ், எட்கார் ஆலன் போ முதலியோரின் பழைய கதைகளையே மறுபடியும் அச்சிட்டிருந்தார். ஆனால் அட்டை இருக்கிறதே, அது கண்ணைப் பறித்தது. பிராங்க் பால் என்ற ஓவியர், கட்டடக் கலை படித்தவர், கண்டறியாத உலகங்களையெல்லாம் சிவப்பும் மஞ்சளுமாகத் தீட்டித் தள்ளினார். உள்ளே காகிதமோ மட்டமான மரக்கூழ்க் காகிதம். நாளாக ஆக அது பழுப்பேறி, விளிம்பு நொறுங்கி, தொட்டால் உதிரும்.

கெர்ன்ஸ்பாக் விளம்பரத்தில் கெட்டிக்காரர். எழுத்தாளர்களுக்குப் பணம் கொடுப்பதில் மட்டும் கை இறுக்கம். லவ்கிராஃப்ட் என்ற கதாசிரியர் அவருக்கு 'எலி' என்றே பட்டம் சூட்டியிருந்தார். அந்த எலியின் பெயராலேதான் இன்றைக்கு வருஷா வருஷம் சிறந்த விஞ்ஞானக் கதைக்கு 'ஹ்யூகோ' பரிசு கொடுக்கிறார்கள்! பணம் தராதவர் பெயரில் பரிசு. எழுதுகிற ஜாதி எவ்வளவு பெருந்தன்மையானது, பார்த்தீர்களா?

ஆனாலும் கெர்ன்ஸ்பாக் செய்த ஒரு சிறு காரியத்துக்காக அவரை மன்னித்துவிடலாம். 1927-ஆம் வருஷத் தொடக்கத்திலிருந்து அவர் வாசகர் கடிதங்களுக்கென்று சில பக்கங்களை ஒதுக்கினார். கடிதம் எழுதியவரின் பெயரோடு, வீட்டு இலக்கம், தெரு, ஊர் எல்லாவற்றையும் சேர்த்து அச்சிட்டார். அவர் என்ன நினைத்துச் செய்தாரோ! விளைவு மகத்தானதாக இருந்தது. ஏதோ ஒரு சிற்றூரில், "இந்தக் குப்பையைப் படித்துக் கெட்டுப் போகாதே" என்று வாத்தியாரும் தகப்பனாரும் ஒரே குரலில் கண்டித்துக்கொண்டிருந்த ஒரு பையன், நானூறு மைல் தள்ளி இன்னொரு பைத்தியம் இருக்கிறது என்பதைக் கண்டுகொண்டான். பைத்தியத்தின் விலாசமும் கையில் இருந்தது. ஒரு தபால் தலை வாங்கினால் போதும். பத்திரிகைக்கு வந்துகொண்டிருந்த கடிதங்கள், பத்திரிகையைத் தாண்டி, வாசகனிடமிருந்து வாசகனுக்குப் போகத் தொடங்கின.

இப்படி அகப்பட்டுக்கொண்டவர்களில் தலை சிறந்தவன் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துப் பையன் ஒருவன். ஃபாரஸ்ட் ஆக்கர்மன் என்று பெயர். 1916-ஆம் வருஷம் நவம்பரில் பிறந்தவன். 'அமேஸிங் ஸ்டோரீ'ஸின் 1926 அக்டோபர் இதழைக் கடையில் பார்த்தபோது அவனுக்கு இன்னும் பத்து வயது நிரம்பவில்லை. வாங்கினான், படித்தான், அடுத்த இதழுக்குக் காத்திருந்தான். படித்த இதழைத் தூக்கி எறியவில்லை. அவனுடைய தாயார் ஒரு நாள் அறையைப் பார்த்துவிட்டு, இருபத்தேழு இதழ்கள் சேர்ந்துவிட்டனவே, இப்படியே போனால் பெரியவனாவதற்குள் நூறு சேர்ந்துவிடுமே என்று மலைத்துப் போனாளாம். பிற்காலத்தில் அவரே சொல்லிச் சொல்லிச் சிரித்த சம்பவம் இது. அந்த அம்மாளின் கணக்கு எவ்வளவு தூரம் தவறிப் போயிற்று என்பதைப் பின்னால் பார்ப்போம்.

கற்பனைப் பித்து அந்தக் குடும்பத்துக்குப் புதிதல்ல. பையனின் தாய்வழிப் பாட்டனார் ஜார்ஜ் வைமன் ஒரு கட்டடக் கம்பெனியில் படம் வரைகிற குமாஸ்தாவாக இருந்தவர். லூயிஸ் பிராட்பரி என்ற சுரங்க முதலாளி தம் பெயர் நிலைக்கும்படி ஒரு கட்டடம் கட்டித் தரச் சொல்லி அவரை அழைத்தார். வைமன் தயங்கினார். இறந்து போன தம் சகோதரனின் ஆவியைக் கூப்பிட்டுக் கேட்டதில் "ஒப்புக்கொள்" என்று உத்தரவு கிடைத்தது என்பது அந்தக் குடும்பத்தில் வழங்கிய கதை. ஆவி சொன்னதோ இல்லையோ, கட்டடம் 1893-ல் எழுந்துவிட்டது. எட்வர்ட் பெல்லமி 1888-ல் வெளியிட்ட ஒரு நாவலில் கி.பி. 2000-ஆம் ஆண்டில் உலகம் எப்படியிருக்கும் என்று வர்ணித்திருந்தார். அதில் வரும், கூரையிலிருந்து வெளிச்சம் கொட்டுகிற வியாபார மாளிகையை மனத்தில் வைத்தே வைமன் அந்தக் கட்டடத்தை அமைத்ததாகச் சொல்வார்கள். நடுவிலே ஐந்து மாடி உயரத்துக்குத் திறந்த கூடம்; மேலே கண்ணாடிக் கூரை; சுற்றிலும் இரும்புக் கொடி வேலைப்பாடு. பிராட்வே வீதியில் இன்றும் நிற்கிறது. 1982-ல் 'பிளேட் ரன்னர்' என்ற எதிர்காலத்தைப் பற்றிய சினிமாப் படத்தை எடுத்தவர்கள் அந்தக் கட்டடத்தைத் தேடிக்கொண்டு போனதில் ஆச்சரியம் என்ன? ஒரு கதையைப் படித்து எழுந்த கட்டடம் இன்னொரு கதைக்குள் போய்ச் சேர்ந்தது.

பேரனுக்கு வருவோம். சின்ன வயதிலேயே அவனுடைய கடிதம் அச்சில் வந்துவிட்டது. 1930-ல் பையன்களை மாத்திரம் சேர்த்துத் தபால் மூலமே ஒரு சங்கம் நடத்தினான். நாடெங்கும் இப்படிச் சங்கங்கள் முளைத்தன. சங்கம் என்றால் பத்திரிகை இல்லாமல் முடியுமா? நம் ஊர்ப் பையன்கள் கையெழுத்துப் பத்திரிகை நடத்தியதுபோல, ஜெலட்டின் தட்டில் மையைப் பதித்து நாற்பது ஐம்பது பிரதிகள் எடுத்தார்கள். கிளீவ்லண்ட் நகரத்தில் ஜெர்ரி ஸீகல், ஜோ ஷஸ்டர் என்ற இரண்டு ஏழைப் பையன்கள் அப்படி ஒரு பத்திரிகை நடத்தினார்கள். அதில் 1933 ஜனவரியில் 'ஸூப்பர்மேன்' என்ற பெயரை முதல் முதலாக ஒரு வில்லனுக்குச் சூட்டினார்கள். அந்தப் பெயர் நல்லவனாக மாறி உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றி வந்தது ஐந்து வருஷங்களுக்குப் பிறகு.

அது பொருளாதார மந்தம் தலை விரித்தாடிய காலம். லாஸ் ஏஞ்சல்ஸ் விஞ்ஞானக் கதைச் சங்கம் 1934-ல் பிறந்தது. கூட்டம் போட இடம் வேண்டும். வாடகைக்குக் காசு கிடையாது. பாட்டனார் கட்டடம் நிற்கும் அதே பிராட்வே வீதியில் 'கிளிஃப்டன்ஸ்' என்று ஒரு சாப்பாட்டு விடுதி இருந்தது. சாப்பிட்டவர் தம்மால் முடிந்ததைக் கொடுத்தால் போதும் என்பது அதன் முதலாளி வகுத்திருந்த தர்மம். அங்கே மாடியில் ஒரு சின்ன அறை. வியாழக்கிழமை தோறும் அந்த அறையில் பத்துப் பதினைந்து பேர் கூடுவார்கள். எலுமிச்சம் பழ ரசத்தை ஒரு காசு செலவில்லாமல் வேண்டிய மட்டும் குடித்துக்கொண்டு, செவ்வாய்க் கிரகத்தில் காற்று உண்டா என்று மணிக்கணக்காகச் சண்டை போடுவார்கள். அடுத்த வேளைச் சாப்பாட்டுக்கு வழி தெரியாதவர்கள் அண்ட சராசரங்களைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்ததை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

1937-ல் அந்த அறைக்குப் பதினேழு வயதுப் பையன் ஒருவன் வந்து சேர்ந்தான். பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டான். பெயர் ரே பிராட்பரி. சுரங்க முதலாளிக்கும் இவனுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. இல்லினாய் மாகாணத்து வாக்கேகன் என்ற ஊரில் பிறந்து, தகப்பனாரின் வேலைக் கஷ்டத்தால் குடும்பத்தோடு மேற்கே வந்தவன்.

வாக்கேகனில் அவனுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது ஒரு காரியம் நடந்தது. 'பக் ராஜர்ஸ்' என்ற ஆகாய வீரனின் படக்கதை நாள்தோறும் பத்திரிகையில் வந்துகொண்டிருந்தது. அதைக் கத்தரித்துக் கத்தரித்துச் சேர்த்து வைத்தான். நம் வீடுகளிலே தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்து வைப்பதில்லையா, அப்படி. பள்ளிக்கூடத்துப் பையன்கள் கேலி செய்தார்கள். கேலி பொறுக்காமல் அத்தனையையும் கிழித்துப் போட்டுவிட்டான். சில நாட்களில் அழுகை வந்தது. யாரோ செத்துப் போனதுபோல அழுதான். யார் செத்துப் போனார்கள் என்று யோசித்துப் பார்த்ததில், தானேதான் என்று தெரிந்ததாம். மறுபடியும் முதலிலிருந்து சேர்க்க ஆரம்பித்தான். கேலி செய்த பையன்களின் சிநேகிதத்தை அதோடு விட்டான். அந்தக் கணம் தம் வாழ்க்கையையே காப்பாற்றியது என்று பிராட்பரி கிழவரான பிறகும் சொல்லிக்கொண்டிருந்தார். ஒன்பது வயதுப் பையன் தனக்குப் பிடித்ததைப் பிடிக்கும் என்று சொல்வதற்கு எத்தனை தைரியம் வேண்டும் என்பதைப் பெரியவர்கள் சீக்கிரம் மறந்து விடுகிறார்கள்.

காலேஜில் சேரப் பணம் இல்லை. தெரு முனையில் நின்று பத்திரிகை விற்றான். மற்ற நேரம் பொது நூல் நிலையத்தில் கிடந்தான். சங்கத்தின் பத்திரிகைக்கு ஆக்கர்மன் ஆசிரியர். 1938 ஜனவரி இதழில் பிராட்பரியின் முதல் கதை அதில்தான் வந்தது. கதை நன்றாக இல்லை என்பது எல்லோருடைய அபிப்பிராயம். எழுதினவருடைய அபிப்பிராயமும் அதுவே. அதனால் என்ன? அடுத்த வருஷம் பையன் தானே ஒரு பத்திரிகை நடத்த ஆசைப்பட்டான். ஆக்கர்மன் பணம் கொடுத்தார். அதே 1939-ல் நியூயார்க்கில் உலக விஞ்ஞானக் கதை மகாநாடு என்று பேச்சு அடிபட்டது. பஸ் கட்டணத்துக்கும் ஆக்கர்மனே கடன் கொடுத்தார். அவர் மட்டும் என்ன லட்சாதிபதியா? சொற்பச் சம்பளக்காரர்தான். பிராட்பரி தன் கதைகளைப் பற்றிப் பேசப் போனதோடு நில்லாமல், ஹானஸ் போக் என்ற ஏழைச் சிநேகிதன் வரைந்த படங்களையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பத்திரிகை ஆபீஸ்களில் ஏறி இறங்கினான். ஓர் ஆசிரியர் பார்த்துவிட்டுச் சிநேகிதனுக்கு வேலை கொடுத்தார்.

மகாநாடு 1939 ஜூலை 2-ஆம் தேதி ஆரம்பமாயிற்று. உலக மகாநாடு என்று பெயர். வந்தவர்கள் சுமார் இருநூறு பேர். ஆக்கர்மன் எதிர்காலத்து மனிதனைப் போல, தோளில் போர்வை தொங்க, விநோத உடை தரித்துக்கொண்டு போனார். அதைத் தைத்துக் கொடுத்தவர் அவருடைய தோழி மிர்ட்டில் டக்ளஸ். அந்த அம்மாளும் அதே மாதிரி உடுத்திக்கொண்டு வந்தார். இப்போது உலகமெங்கும் மகாநாடுகளில் ஆயிரக்கணக்கான பேர் கதாபாத்திரங்களைப் போல வேஷம் கட்டுகிறார்கள் அல்லவா, அந்த வழக்கத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டவர்கள் இந்த இருவர்தான் என்று கருதுகிறார்கள்.

சண்டையில்லாமல் ஒரு மகாநாடு நடந்துவிடுமா? நியூயார்க்கில் 'எதிர்காலவாதிகள்' என்று ஒரு கட்சி இருந்தது. அரசியல் வேகம் மிகுந்த இளைஞர்கள். மகாநாட்டை நடத்திய சாம் மாஸ்கோவிட்ஸ் இருபது வயது நிரம்பாதவர். அந்தக் கட்சியின் முக்கியஸ்தர்கள் ஆறு பேரை வாசலிலேயே தடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார். அதே கட்சியைச் சேர்ந்த ஐசக் அஸிமாவ் என்ற பத்தொன்பது வயது மாணவர் மட்டும் எப்படியோ உள்ளே போய்விட்டார். நடந்தவற்றையெல்லாம் மாஸ்கோவிட்ஸ் பிற்பாடு ஒரு பெரிய புத்தகமாகவே எழுதினார். பத்து வருஷ காலத்து வாசகச் சண்டைகளுக்கு ஒரு முழுச் சரித்திரம்! முதலில் சொன்னேனே, வாசகனுக்குச் சரித்திரம் இல்லை என்று. இவர்கள் யாரையும் எதிர்பார்க்காமல் தங்களுக்குத் தாங்களே எழுதிக்கொண்டார்கள்.

இரண்டு மாதத்தில் யுத்தம் வந்தது. ஆக்கர்மன் பட்டாளத்தில் சேர்ந்து, முகாம் பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்தார். அவருடைய தம்பி 1945-ஆம் வருஷப் பிறப்பன்று ஐரோப்பாவில் போரில் மாண்டார். உலகம் இந்தக் கதைகளைக் கேலி செய்வது ஓரளவு அடங்கியதும் அந்த வருஷம்தான். அணுகுண்டு வெடிப்பதற்கு ஒன்றரை வருஷத்துக்கு முன்பே, 1944 மார்ச்சில், 'அஸ்டவுண்டிங்' என்ற பத்திரிகையில் அணுகுண்டை வர்ணித்து ஒரு கதை வந்திருந்தது. ரகசியம் எப்படி வெளியாயிற்று என்று பட்டாளத்து உளவாளி பத்திரிகை ஆபீஸுக்கே வந்து விசாரித்தான். விஞ்ஞானப் பத்திரிகைகளில் பகிரங்கமாக அச்சாகியிருந்ததிலிருந்து ஊகித்தது என்று பதில் கிடைத்தது. அணுகுண்டு வந்துதான் நல்ல கதைக்கு மதிப்பு ஏற்பட வேண்டுமா என்று கேட்கத் தோன்றுகிறது.

1953-ல் முதன் முதலாக ஹ்யூகோ பரிசுகள் வழங்கப்பட்டபோது, 'முதல் நம்பர் வாசக ரசிகர்' என்று ஒரு பரிசை ஆக்கர்மனுக்குக் கொடுத்தார்கள். அவர் மேடைக்கு வந்து வாங்கிக்கொண்டு, இது இங்கிலாந்தில் உள்ள கென் ஸ்லேட்டர் என்ற ரசிகருக்கே போய்ச் சேர வேண்டியது என்று சொல்லி, பரிசை மேடையிலேயே வைத்துவிட்டு இறங்கிவிட்டார். அடுத்த வருஷம் மனைவியோடு காரில் போய்க்கொண்டிருந்தபோது ரேடியோவில் 'ஹை-ஃபை' என்ற சொல் காதில் விழுந்தது. 'ஸயன்ஸ் ஃபிக்ஷன்' என்பதைச் சுருக்கி 'ஸை-ஃபை' என்று உடனே சொல்லிப் பார்த்தார். "அது நிலைக்காது, மறந்துவிடுங்கள்" என்ற கருத்தில் மனைவி பதில் சொன்னாராம். இன்று அகராதியில் இருக்கிறது.

வீடு நிரம்பிக்கொண்டு வந்தது. கடைசியில் பதினெட்டு அறைகள் உள்ள வீடு. புத்தகங்கள், பத்திரிகைகள், ஓவியங்கள், சினிமாச் சாமான்கள் என்று மூன்று லட்சம் உருப்படிகள். இருபத்தேழு எங்கே, மூன்று லட்சம் எங்கே! சனிக்கிழமை தோறும் கதவைத் திறந்து வைத்துவிடுவார். யார் வேண்டுமானாலும் வரலாம், கட்டணம் இல்லை. டிராகுலாவாக நடித்த பேலா லுகோஸியின் மோதிரத்தை விரலில் போட்டுக்கொண்டு வீட்டுக்காரரே சுற்றிக் காட்டுவார். ஐம்பது வருஷங்களில் ஐம்பதினாயிரம் பேர் வந்ததாகக் கணக்குச் சொல்வார்கள். "இத்தனையும் படித்திருக்கிறீர்களா?" என்று கேட்காத விருந்தாளி இல்லை. "ஒவ்வொரு புத்தகத்திலும் கடைசி வார்த்தை வரையில்" என்பார். பிறகு ஒரு புத்தகத்தை எடுத்து, கடைசிப் பக்கத்தைத் திருப்பி, கடைசி வார்த்தையை மட்டும் படித்துக் காட்டுவார். பேசினால் இப்படிச் சிலேடையும் குறும்பும்தான். 1958-லிருந்து அவர் நடத்திய பூதப் பிசாசு சினிமாப் பத்திரிகையும் அப்படியே. அதை இலக்கியம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பத்திரிகைக்கு ஸ்டீபன் கிங் என்ற சிறுவன் ஒரு கதை அனுப்பினான். ஆக்கர்மன் அதைப் போடவில்லை. கிழித்து எறியவும் இல்லை. எத்தனையோ வருஷங்களுக்குப் பிறகு, கிங் புகழேணியின் உச்சியில் நின்று ஒரு கடையில் வாசகர்களுக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது, அதே கதையைக் கொண்டு போய் நீட்டிக் கையெழுத்துக் கேட்டார். குப்பை என்று எதையும் ஒதுக்கத் தெரியாத மனிதர்.

தம் ஊரே இதையெல்லாம் எடுத்துக்கொண்டு ஒரு காட்சிசாலை வைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. வருஷக்கணக்கில் முயன்று பார்த்தார். பேச்சு நடக்கும், படம் பிடிப்பார்கள், பிறகு ஒன்றும் நடக்காது. வயது ஏறியது, உடம்பு தளர்ந்தது, ஒரு வழக்கில் பணம் கரைந்தது. 2002-ல் பெரும் பகுதியை விற்றுவிட்டுச் சின்ன வீட்டுக்குக் குடி போனார். அங்கேயும் சனிக்கிழமை கதவு திறந்திருந்தது. 2008 டிசம்பர் 4-ஆம் தேதி தொண்ணூற்றிரண்டாம் வயதில் காலமானார். மறு வருஷம், மிஞ்சியிருந்ததையும் ஏலம் போட்டார்கள். மோதிரம் ஒரு திசை, புத்தகம் ஒரு திசை.

லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து கிழக்கே சுமார் அறுபது மைல் தூரத்தில் ரிவர்ஸைடு என்ற ஊர் இருக்கிறது. அங்குள்ள கலிபோர்னியா சர்வகலாசாலை, லாயிட் ஈட்டன் என்ற டாக்டர் சேர்த்து வைத்திருந்த 7,500 புத்தகங்களை அவர் காலமான பிறகு 1969-ல் வாங்கியது. டாக்டர் யாருக்கும் வேடிக்கை காட்டவில்லை. நோயாளிகளைப் பார்த்த நேரம் போக, வாங்கினார், படித்தார், அடுக்கி வைத்தார். அதன் மேல் மேலும் மேலும் சேர்ந்து, இன்று உலகத்தில் இவ்வகை நூல்களுக்குள்ள மிகப் பெரிய பொதுச் சேகரங்களில் ஒன்றாகிவிட்டது. பையன்கள் ஜெலட்டின் தட்டில் அச்சிட்ட பத்திரிகைகளின் வர்க்கமும் அங்கே பெட்டி பெட்டியாக இருக்கிறது. ஒரு காலத்தில் வாத்தியார்கள் பிடுங்கிக் கிழித்தவற்றை இப்போது புரொபஸர்கள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்குவமாகப் புரட்டுகிறார்கள்.

வடக்கே கானடாவிலும் ஒன்று உண்டு. மகாநாட்டு வாசலில் தடுக்கப்பட்ட 'எதிர்காலவாதிகள்' கட்சியில் யுத்த காலத்தில் சேர்ந்தவர் ஜூடித் மெரில். நல்ல கதைகள் எழுதினார். அதைவிட நல்ல கதைத் தொகுதிகள் வெளியிட்டார். வியட்நாம் யுத்தத்தை வெறுத்து 1968-ல் டொராண்டோ நகருக்குக் குடியேறினார். 1970-ல் தம்மிடமிருந்த சுமார் ஐயாயிரம் புத்தகங்களையும் பத்திரிகைகளையும் அந்நகரப் பொது நூல் நிலையத்துக்குக் கொடுத்துவிட்டார். நகரத்தார் வாங்கிக்கொண்டார்கள்! இப்போது எண்பதினாயிரத்துக்கு மேல் இருக்கிறது. நூல் நிலைய வாசலில் இரண்டு பக்கமும் சிறகு முளைத்த வெண்கலச் சிங்கங்கள் காவல் இருக்கின்றன. ஒன்றுக்குக் கழுகின் தலை. நம் கோயில் தூண்களிலே தாவும் யாளிக்கு ஒன்றுவிட்ட சகோதரன் என்று சொல்லலாம். மூன்றாம் மாடிக்குப் போய்க் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். வீட்டுக்குக் கொண்டுபோக மட்டும் விட மாட்டார்கள். அங்கேயே உட்கார்ந்து படிக்க வேண்டும்.